மிளகும் பாகும்: ஜெருசலேம் குகெல்

சென்ற அதிகாரத்தில் லசான்யாவுக்காக இரண்டு சாஸ், மூன்று பாத்திரம், அரைநாள் என்று உங்களைப் படுத்தியெடுத்துவிட்டேன். இந்த அதிகாரம் அதற்குப் பிராயச்சித்தம். சாமான் ஆறே ஆறு: மெல்லிய நூடுல்ஸ், எண்ணெய், சர்க்கரை, முட்டை, மிளகு, உப்பு. சீஸ் இல்லை, தக்காளி இல்லை, பூண்டு இல்லை. கை வேலை அரை மணி நேரம். மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும்.

வெந்ததும் டின்னைக் கவிழ்த்தால் கருப்பட்டி நிறத்தில், வட்டமாக, கனமாக ஒன்று வந்து விழும். தெரியாதவர்கள் கேக் என்பார்கள். கத்தி போட்டால் மேல்பக்கம் அடையின் ஓரம்போல மொறுமொறுவென்று உடையும். உள்ளே நூல்நூலாகச் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, மினுமினுவென்று இருக்கும். வாயில் வைத்ததும் முதலில் தித்திப்பு. அது அடங்குவதற்குள் மிளகு தொண்டையைப் பிடிக்கும். கூடவே உப்பும் புளிப்புமாக ஊறிய வெள்ளரித் துண்டு ஒன்று. இனிப்பா காரமா, பலகாரமா சாப்பாடா என்று முடிவுக்கு வருவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

பெயர் குகெல். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழிச் சொல். ஜெர்மனில் இதற்கு உருண்டை, கோளம் என்று பொருள். இந்த அதிகாரத்தைத் தட்டச்சு செய்தபோது கணினி நாலு இடத்தில் அதைக் ‘கூகுள்’ என்று திருத்தி வைத்தது. எங்காவது ஒன்று தப்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு மூட்டாத நாள்

செய்முறைக்கு முன் கொஞ்சம் வரலாறு. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, இந்தப் பலகாரத்தின் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இருட்டும்போது முடிகிறது. அந்த நேரத்தில் சமைக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. ஆனால் சனிக்கிழமை மதியம் சூடான சாப்பாடு வேண்டும். ஓய்வுநாளைச் சிறப்பிக்க அதுவும் ஒரு வழி. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே பானையை அடுப்பேற்றி, மூட்டிய நெருப்பிலேயே விடிய விடியக் கிடக்க விட்டார்கள். பீன்ஸ், பார்லி, இறைச்சி எல்லாம் ஒன்றாக வேகும் அந்தக் குழம்புக்குச் சோலன்ட் என்று பெயர். பல ஊர்களில் வீட்டு அடுப்பு இரவு முழுவதும் தாங்காது. ரொட்டி சுடுபவரின் பெரிய அடுப்பு தாங்கும். பெண்கள் பானையின் வாயை மாவால் பூசி அடைத்து, நம் தம் பிரியாணிக்குச் செய்வதைப்போலவே, வெள்ளிக்கிழமை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுநாள் தொழுகை முடிந்ததும் எடுத்துவந்தார்கள்.

குகெல் பிறந்தது அந்தப் பானைக்குள்ளேதான். ஜெர்மன் யூதர்கள் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் ரொட்டி மாவை உருட்டிக் குழம்பின் மேல் போட்டு வேகவைத்தார்கள். உருண்டை என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு அந்த மாவைச் சிறு கிண்ணத்தில் அடைத்துப் பானையின் நடுவே புதைக்கும் வழக்கம் வந்தது. 1846-இல் லண்டனில் வெளியான ‘தி ஜூயிஷ் மேனுவல்’, ஆங்கிலத்தில் வந்த முதல் யூத சமையல் நூல். அதில் உள்ள குகெலும் இப்படிக் கிண்ணத்தில்தான், பட்டாணியும் பீன்ஸும் வேகும் பானைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஓவனில் தனியாக, ட்ரேயில் வேகும் பலகாரமாக அது ஆனது ரொம்பப் பிற்காலத்தில்.

நூடுல்ஸ் இத்தாலி வழியாக ஜெர்மன் யூதர்களின் சமையலறைக்குள் வந்தது. யிட்டிஷில் நூடுல்ஸுக்கு லோக்‌ஷன் என்று பெயர். அந்தச் சொல் பாரசீக லக்‌ஷாவிலிருந்து, கைமாறிக் கைமாறி வந்தது. ரொட்டி மாவின் இடத்தை லோக்‌ஷன் பிடித்துக்கொண்டது. இறுகப் பிடிக்க முட்டை சேர்ந்தது.

இந்தப் பானைச் சாப்பாட்டுக்குக் கவிஞர்களின் ஆதரவும் உண்டு. ஜெர்மன் கவி ஹைன்ரிக் ஹைனே 1851-இல் வெளியிட்ட ‘ரொமான்செரோ’ தொகுப்பில் ஓய்வுநாளைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அதில் ஷில்லர் எழுதிய ஆனந்தப் பாட்டின் நடையை எடுத்துக்கொண்டு, ஆனந்தம் இருந்த இடத்தில் ஓய்வுநாள் குழம்பை வைத்துப் பாடிவிட்டார். கேலிதான். ஆனால் பசித்தவன் செய்த கேலி.

சர்க்கரை எல்லை

1801-இல் ஃபிரான்ஸ் ஆகார்ட் என்பவர் சிலேசியாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையை நிறுவினார். நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கு அல்ல அது. அதன் வெள்ளை உறவு. 19ஆம் நூற்றாண்டில் போலந்திலும் கலீசியாவிலும் இந்தச் சர்க்கரை மலிந்தது. அந்தப் பக்கத்து யூதர்கள் மீனில்கூடச் சர்க்கரை போட ஆரம்பித்தார்கள். கிழக்கே லித்துவேனியப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் மிளகிலேயே நின்றார்கள்.

மார்வின் ஹெர்சோக் என்ற மொழியியலாளர் வட போலந்தின் யிட்டிஷ் வட்டார வழக்குகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓய்வுநாள் மீனைச் சர்க்கரை போட்டுச் செய்யும் ஊர்களையும் மிளகு போட்டுச் செய்யும் ஊர்களையும் பிரித்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டால், பேச்சுவழக்கு மாறுகிற கோடும் ஏறத்தாழ அங்கேயே ஓடுவதை அவர் காட்டினார். நம் பலகாரத்தின் பெயரும் அப்படியே உடைகிறது. லித்துவேனியப் பக்கம் குகெல். போலந்துப் பக்கம் கிகெல். எந்த எழுத்தில் சொல்கிறார் என்று கேட்டாலே அவர் வீட்டுப் பாட்டி சர்க்கரைக் கட்சியா மிளகுக் கட்சியா என்று ஊகித்துவிடலாம்.

இனி ஜெருசலேம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரு தரப்பினரும் பக்திக் காரணங்களுக்காகப் புனித பூமிக்குக் குடிபெயர்ந்தார்கள். சர்க்கரையைக் கருக்கிப் பாகாக்கி, கை நிறைய மிளகு போட்டுச் செய்யும் இந்தக் குகெல் அவர்களோடு வந்து ஜெருசலேமில் ஊன்றிக்கொண்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. எந்தத் தரப்பு கொண்டுவந்தது என்று இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. என் நாக்கைக் கேட்டால் இரண்டு பேரும்தான் என்பேன். வார்சாவுக்கும் வில்னியஸுக்கும் நடுவில் ஓடிய கோடு, ஒரே டின்னுக்குள் வந்து படுத்துக்கொண்டது. இது ஆவணச் சான்று அல்ல, சாப்பிட்டவளின் ஊகம்.

யூதர்களில் ஒரு பிரிவான ஹசிதிய மரபினரிடம் குகெலுக்குப் பிரசாத மரியாதை. குருவின் மேசையைச் சுற்றிக் கூடும் சீடர்கள், அவர் தொட்டுத் தரும் குகெலில் ஒரு துணுக்காவது கிடைக்குமா என்று முண்டியடிப்பார்கள். எபிரேயத்தில் ‘க-இகுல்’ என்றால் ‘வட்டம்போல’ என்று அர்த்தம். அதையும் குகெலோடு இணைத்து, பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா உருண்டையாக இருந்ததாமே, அதன் நினைவுதான் இது என்பார்கள். சொல் விளையாட்டு என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் வட்ட டின்தான் வாங்குவார்கள். நீங்களும் வட்ட டின்னிலேயே செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை

22 செ.மீ. அகலமும் குறைந்தது 6 செ.மீ. ஆழமும் உள்ள வட்ட டின் ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். பத்துப் பேருக்கு வரும். அடி கழலும் டின் வேண்டாம், எண்ணெய் ஒழுகி ஓவன் நாசமாகும்.

மெல்லிய நூடுல்ஸ் 350 கிராம், எண்ணெய் 120 மி.லி., சர்க்கரை 150 கிராம், முட்டை 4, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு 2 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி.

நூடுல்ஸில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கடையில் ‘ஏஞ்சல் ஹேர்’ அல்லது மெல்லிய ஸ்பெகட்டி என்று விற்கும் இத்தாலிய வகையை வாங்குங்கள். இரண்டு நிமிட நூடுல்ஸ் பாக்கெட்டுகள் ஆகவே ஆகாது. அவை ஏற்கெனவே எண்ணெயில் பொரித்தவை, ஓவனில் களியாகிவிடும். நம் சேமியாவில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். வறுக்காத நீளச் சேமியாவாக இருந்தால் ருசி வந்துவிடும், ஆனால் துண்டு போடும்போது உதிரும். வறுத்து உடைத்த உப்புமாச் சேமியாவை உப்புமாவுக்கே விட்டுவிடுங்கள்.

எண்ணெய் வாசனையற்றதாக இருக்க வேண்டும், சூரியகாந்தி போதும். ஏன் வெண்ணெய் கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. யூத உணவு விதியில் இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. ஓய்வுநாள் மதியச் சாப்பாட்டில் இறைச்சி உண்டு. எனவே அதோடு போகும் குகெலில் வாத்துக் கொழுப்போ கோழிக் கொழுப்போ விழுந்தது; பிற்பாடு எண்ணெய். ஒரு தடவை நல்லெண்ணெய் போட்டுப் பார்த்தேன். எள்ளுருண்டை வாசனை வந்தது. கெட்டுப்போகவில்லை, ஆனால் அது வேறு பலகாரம்.

முட்டை ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று யூத வீடுகளில் அப்படித்தான் பார்ப்பார்கள். அழுகலைக் கண்டுபிடிக்க நம் வீடுகளிலும் அதே பழக்கம்தான். முட்டை இல்லாமல் செய்யலாமா? கூடாது. துண்டு நிற்காது.

மிளகைப் பற்றி ஒரே ஒரு கட்டளை: பாக்கெட்டில் தூளாக வருவதைத் தொடாதீர்கள். அன்றைக்கே உரலில் இடியுங்கள். பார்க்கும்போது அதிகம் என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு.

பாகு என்ற ஒரே பரீட்சை

முதலில் ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்குங்கள். டின்னில் தாராளமாக எண்ணெய் தடவுங்கள். நூடுல்ஸை உப்புத் தண்ணீரில், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே எடுத்து வடியுங்கள். தண்ணீரில் அலசாதீர்கள். வடித்ததை அதே சூடான பாத்திரத்தில் போட்டு மூடி வையுங்கள். நூடுல்ஸ் சூடாக இருக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் அதைப் படிக்கவில்லை. ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து குழாயடியில் அலசிவிட்டேன். ஆறிப்போன நூடுல்ஸ் மேல் கொதிக்கும் பாகு விழுந்ததும் அது அப்படியே கண்ணாடியாக இறுகிவிட்டது. கடலை இல்லாத கடலை மிட்டாய், நடுநடுவே நூடுல்ஸ். உடைத்துத் தின்றோம் என்று வையுங்கள். ஆனால் அதைக் குகெல் என்று யாரும் சொல்லவில்லை.

அடிகனமான வாணலியில் எண்ணெயையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். சர்க்கரை எண்ணெயில் கரையாது. முதலில் ஈர மணல்போல அடியில் கிடக்கும். பிறகு கட்டிகட்டியாகும், கெட்டுப்போனது என்று நினைக்கத் தோன்றும், கெடவில்லை. கிளறிக்கொண்டே இருங்கள். கட்டி உருகி, எண்ணெய்க்கு அடியில் தனியாகப் பழுப்புப் பாகு ஒன்று திரளும். எண்ணெய் மேலே மிதக்கும். இரண்டும் கலக்காது, கலக்கவும் வேண்டாம்.

நிறத்தைப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தேன் நிறம் வரும், பொறுங்கள். நாட்டுச் சர்க்கரை நிறம், இன்னும் பொறுங்கள். கருப்பட்டி நிறம் வந்து, மெல்லிய கசப்பு வாசனை மூக்கில் பட்டதும் அடுப்பை அணையுங்கள். அதையும் தாண்டிக் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போய்விட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கருகிய பாகை மிளகாலும் காப்பாற்ற முடியாது. பலரும் பயந்துகொண்டு தேன் நிறத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது வெறும் இனிப்பு நூடுல்ஸ். இந்த வெப்பத்தில் இருக்கும் பாகு, கொதிநீரைவிட மோசமாகச் சுடும். குழந்தைகளை அடுக்களைக்கு வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

பாகை எண்ணெயோடு அப்படியே நூடுல்ஸ் மேல் மெதுவாக ஊற்றுங்கள். சீறும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சில இடத்தில் பாகு கம்பியாக இறுகும். பாத்திரத்தைச் சிறு தீயில் வைத்து, இரண்டு முள்கரண்டிகளால் மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டால் நூடுல்ஸின் ஈரத்திலும் சூட்டிலும் அது கரைந்துவிடும். எல்லா நூலும் ஒரே நிறமானதும் இறக்கி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் முட்டை. அவசரப்பட்டால் நூடுல்ஸில் முட்டைப் பொரியல் தொங்கும்.

முட்டை, உப்பு, மிளகு மூன்றையும் அடித்து ஊற்றிப் புரட்டுங்கள். டின்னில் கொட்டி மேலே சமன்செய்து, மூடாமல், ஓவனின் நடுத்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். மேல்பக்கம் கரும்பழுப்பாகி, தட்டினால் மொடமொடவென்று சத்தம் வர வேண்டும். எடுத்ததும் கவிழ்க்காதீர்கள், கால் மணி நேரம் கழித்துக் கவிழ்த்தால் முழுதாக வரும்.

பழைய முறையில் செய்ய ஆசைப்படுபவர்கள், டின்னை அலுமினியத் தாளால் இறுக மூடி, 100 டிகிரியில் எட்டு மணி நேரம் விடுங்கள். மேல் முறுகல் குறையும். ஆனால் உள்ளே நடுப்பகுதி வரை நிறம் ஏறி, துண்டு மெத்தென்று, வாசனை ஆழமாக இருக்கும். பல ஓவன்களில் டைமர் ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடும். அணையாமல் எரியும் அமைப்பு உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரவில் ஓவனை விட்டுவிட்டுத் தூங்க மனம் வராவிட்டால் பகலில் செய்யுங்கள். நமக்கு ஓய்வுநாள் விதி இல்லை.

ஓவனே இல்லாத வீட்டில்? குகெலின் ஆதிப் பானைக்கு ஏது ஓவன்? அடிகனமான, மூடியுள்ள பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கிக் கலவையைக் கொட்டி, அடியில் ஒரு தோசைக்கல் வைத்து, மிகச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு தட்டில் கவிழ்த்து, மறுபக்கத்தை இருபது நிமிடம் வேகவிடுங்கள். என் வீட்டில் மின்வெட்டு நாளில் இப்படித்தான்.

பால் குகெல் பற்றி இரண்டு வார்த்தை

அமெரிக்காவில் குகெல் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இன்னொன்று: பட்டையான முட்டை நூடுல்ஸ், பாலாடைக்கட்டி, புளித்த க்ரீம், திராட்சை, இலவங்கப்பட்டை, மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ். இறைச்சி இல்லாத வேளைக்கு உரியது இது. ஷவுவோத் பண்டிகையில் பால் பலகாரம் செய்யும் வழக்கத்துக்கும், யோம் கிப்பூர் உபவாசம் முடிந்து சாப்பிடும் சாப்பாட்டுக்கும் பொருந்தும். செய்ய வேண்டுமானால் 350 கிராம் பட்டை பாஸ்தாவுக்கு உதிர்த்த மென்மையான பனீர் 250 கிராம், துணியில் கட்டி வடித்த தயிர் 200 கிராம், சர்க்கரை 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம், முட்டை 4. 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அது நூடுல்ஸ் வேஷம் போட்ட பால் இனிப்பு. அதைவிடப் பால்கோவா மேல்.

பரிமாறல்

ஜெருசலேமில் சனிக்கிழமை காலைத் தொழுகை முடிந்ததும், திராட்சை ரசத்தின் மேல் ஆசி சொல்லிவிட்டு, ஆளுக்கொரு கனமான துண்டும் ஒரு வெள்ளரி ஊறுகாயும் கையில் கொடுப்பார்கள். வினிகர் வாசனை அடிக்கும் சீசா வெள்ளரி அவ்வளவு எடுபடாது. உப்புத் தண்ணீரில் நாலு நாள் ஊறிப் புளித்த பிஞ்சு வெள்ளரிதான் ஜோடி. அது இல்லாத நாளில் நான் உப்பு மாங்காய் வைத்திருக்கிறேன். எலுமிச்சை ஊறுகாய் வேண்டாம், அதன் மிளகாய் இந்த மிளகோடு சண்டை போடும்.

கவிழ்த்த உடனே சூடாக வெட்டாதீர்கள். வெதுவெதுப்புக்கு வந்த பின் ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்தால் துண்டு உதிராது. மிஞ்சியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். மறுநாள் காலை விரல் தடிமனுக்கு வில்லையாக அறுத்து, காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம். போதுமான எண்ணெய் அதிலேயே இருக்கிறது.